நடுரோட்டில் ஆவி கக்கும் கார்: என்ஜின் சூடாவது எதனால்? வண்டியே காட்டிக்கொடுக்கும் அறிகுறிகள்

கத்தரி வெயில் வந்துவிட்டால் சென்னை சாலைகளில் தினமும் பார்க்கிற காட்சி இது. பெருங்களத்தூரில் இருந்து வண்டலூர் வரை வாகனங்கள் எறும்பு போல ஊர்ந்து கொண்டிருக்கும். ஓரமாக ஒரு கார் பானட்டை திறந்தபடி நிற்கும். உள்ளே இருந்து குபுகுபுவென ஆவி வரும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடும்பத்தினர் வெயிலில் நிற்க, டிரைவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு என்ஜின் பக்கம் ஓடுவார்.

அவசரத்தில் ஊற்றும் அந்த ஒரு பாட்டில் தண்ணீர்தான் பலருக்கு பெரிய செலவை இழுத்து விடுகிறது. சிலருக்கு முகமும் கையும் வெந்து போகிறது.

சொந்த கார் வைத்திருப்பவருக்கு இது ஒருநாள் தலைவலி. வாடகை கார் ஓட்டி பிழைப்பவருக்கு அப்படி அல்ல. வண்டி ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் படுத்தால் அந்த வார வருமானம் போச்சு. மாத டியூ மட்டும் நிற்காமல் வந்து நிற்கும். அதற்கு மேல் ஹெட் வேலை, என்ஜின் வேலை என்று பில் எகிறினால் கடன் வாங்குவதை தவிர வேறு வழி இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், பல வண்டிகளில் ஆரம்ப கோளாறு சில நூறு ரூபாய் சாமானில்தான் இருக்கும். ஒரு பியூஸ், ஒரு ரேடியேட்டர் மூடி, ஒரு ஹோஸ் பைப். அதை கண்டுபிடிக்காமல் 'தண்ணி ஊத்தி ஓட்டிக்கலாம்' என்று விட்டதால்தான் என்ஜினே காலியாகிறது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க பெரிய மெஷின் எதுவும் தேவை இல்லை. வண்டி 'எப்போது' சூடாகிறது என்று டிரைவர் கவனித்து சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சூடு எங்கே போகிறது?

என்ஜினுக்குள் பெட்ரோல், டீசல் எரியும்போது உண்டாகும் வெப்பம் 2 ஆயிரம் டிகிரி செல்சியசை தாண்டும். பிஸ்டனும் ஹெட்டும் செய்யப்படும் அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படி இருந்தும் என்ஜின் உருகாமல் ஓடுவதற்கு காரணம், அதை சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும் கூலண்ட் தண்ணீர்தான். எரிபொருள் தரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்த தண்ணீர்தான் சூடாக வாங்கி வெளியே தள்ளுகிறது.

இதன் பாதை எளிமையானது. வாட்டர் பம்ப் தண்ணீரை என்ஜினுக்குள் தள்ளும். சூடான தண்ணீர் தெர்மோஸ்டாட் என்ற சிறிய கதவு வழியாக மேல் ஹோஸ் பைப்பில் ஏறி ரேடியேட்டருக்கு வரும். அங்கே காற்று பட்டு ஆறி, கீழ் ஹோஸ் வழியாக மீண்டும் என்ஜினுக்கு போகும். வண்டி நிற்கும்போது காற்று கிடைக்காது என்பதால் பேன் சுற்றி காற்றை இழுக்கும்.

ரேடியேட்டர் மூடிக்கும் முக்கிய வேலை உண்டு. அது பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி. மூடியின் மேல் 0.9, 1.1 என்று எண் போட்டிருப்பார்கள். 0.9 மூடி சரியாக பிடித்தால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய சாதாரண தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் அதிகம் தாங்கும்.

ஆக, தண்ணீர் இருக்க வேண்டும், அது ஓட வேண்டும், அதன் மேல் காற்று பட வேண்டும், அழுத்தம் நிற்க வேண்டும். இந்த 4-ல் எது கெட்டாலும் வண்டி சூடாகும். எது கெட்டது என்பதை கீழே உள்ள அறிகுறிகள் காட்டிக்கொடுக்கும்.

சிக்னலில் சூடு, ஓடினால் சரியாகிறதா?

கத்திப்பாராவில் ஊர்ந்து போகும்போது முள் ஏறுகிறது. ஏ.சி. போட்டால் இன்னும் ஏறுகிறது. மேம்பாலம் தாண்டி 60 கி.மீ. வேகம் பிடித்தால் தானாக இறங்குகிறது. இப்படி இருந்தால் முதல் சந்தேகம் பேன் மேல்தான்.

ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே போதும். நிற்கும் வண்டிக்கு பேன்தான் கதி. பேன் சுற்றவில்லை என்றால் சிக்னலில் மட்டும் கொதிக்கும்.

இதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். என்ஜினை ஸ்டார்ட் செய்து ஏ.சி.யை போட்டால், பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்தில் பேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பியூஸ், ரிலே, ஒயர், மோட்டார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஏ.சி. போட்டால் சுற்றுகிறது, ஆனால் வண்டி சூடாகும்போது மட்டும் தானாக சுற்றவில்லை என்றால் சென்சார் பக்கம் கோளாறு இருக்கலாம்.

பேன் நன்றாக சுற்றியும் சூடு குறையாவிட்டால் முன்பக்க கிரில்லை குனிந்து பார்க்க வேண்டும். ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மண், பூச்சி, காய்ந்த இலை எல்லாம் சேர்ந்து காற்றை அடைத்திருக்கும். ரோட்டில் பறந்த பிளாஸ்டிக் கவர் ஒன்று முன்னால் ஒட்டிக்கொண்டாலே போதும், வண்டி சூடாக ஆரம்பித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. என்ஜினை அணைத்த பிறகும் சூட்டை உணர்ந்து பேன் திடீரென்று சுற்றும். அதனால் பேன் பக்கம் கையையோ, துப்பட்டாவையோ, துண்டையோ கொண்டு போகக்கூடாது.

ஓடும்போதும் மேடு ஏறும்போதும் சூடா?

இது முதல் வகைக்கு நேர் எதிர். ஊருக்குள் ஒன்றும் தெரியாது. செங்கல்பட்டு தாண்டி 100 கி.மீ. வேகத்தில் போனால் முள் ஏறும். அல்லது 14 கொண்டை ஊசி வளைவு உள்ள ஏலகிரியில் பாதி ஏறுவதற்குள் சிவப்பு விளக்கு எரியும். 70 வளைவு உள்ள கொல்லிமலை என்றால் சொல்லவே வேண்டாம்.

இங்கே காற்று பிரச்சினை இல்லை. என்ஜின் அதிக சூட்டை தருகிறது, அதை அள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம்.

முதல் சந்தேகம், ரேடியேட்டர் உள்ளே அடைப்பு. வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் இது சகஜம். வீட்டில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாக உப்பு படிகிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. பழைய பித்தளை ரேடியேட்டர்களை கழற்றி கம்பி விட்டு சுத்தம் செய்து விடுவார்கள். இப்போது வரும் அலுமினிய ரேடியேட்டரில் அந்த வேலை சரிப்படாது. அடைப்பு அதிகமானால் மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது, கீழ் ஹோஸ் பைப். ரப்பர் தளர்ந்து போனால், என்ஜின் வேகமாக ஓடும்போது பம்ப் உறிஞ்சும் இழுப்பில் பைப் சப்பிப்போய் தண்ணீரை தடுத்துவிடும். வண்டி நின்றதும் பழையபடி உப்பிவிடும். அதனால் நிறுத்தி வைத்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் தள்ளி நின்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

மூன்றாவது, வாட்டர் பம்ப். பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அதில் தண்ணீர் கசிந்த கறை இருந்தாலோ, பேரிங்கில் கரகர சத்தம் வந்தாலோ பம்ப் போகப்போகிறது என்று அர்த்தம். பம்பை சுற்றும் பெல்ட் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

கிளம்பிய 10 நிமிடத்திலேயே சூடா?

காலையில் வண்டி எடுத்து தெருமுனை தாண்டுவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தால், தண்ணீர் குறைந்திருக்க வேண்டும். அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் மூடியபடி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை சந்தேகப்பட ஒரு அடையாளம் உண்டு. முள் மேலே ஏறி இருக்கும். ஆனால் ரேடியேட்டருக்கு வரும் இரண்டு ஹோஸ்களில் ஒன்று கைவைக்க முடியாத சூடாகவும், மற்றது குளிர்ந்தும் இருக்கும். அதாவது தண்ணீர் சுற்றவே இல்லை. ரேடியேட்டர் முழு அடைப்பு, பம்ப் கோளாறு என்றாலும் இப்படி ஆகலாம் என்பதால், கழற்றி சோதித்துவிட்டு மாற்றுவது நல்லது.

சோதனை சுலபம். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி தொங்கவிட்டு சூடாக்க வேண்டும். அதன் மேல் 82, 88 என்று திறக்கும் டிகிரி பொறித்திருக்கும். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே கதவு திறக்க வேண்டும். கொதித்தும் திறக்கவில்லை என்றால் அது குப்பைக்குத்தான். கூலண்ட் விஷம் என்பதால் அந்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக்கூடாது.

ரேடியேட்டர் வேலை, ஹோஸ் வேலை முடிந்த மறுநாளே வண்டி சூடானால் 'ஏர் லாக்' ஆக இருக்கலாம். தண்ணீர் நிரப்பும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டு சுற்றோட்டத்தை தடுக்கும். அந்தந்த வண்டிக்கு சொன்ன முறையில் காற்றை வெளியேற்றினால் போதும். புது சாமான் எதுவும் வாங்க வேண்டாம்.

கீழே சொட்டு இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறதா?

எல்லா கோளாறிலும் இதுதான் ஆபத்தானது.

முதலில் உண்மையிலேயே கசிவு இல்லையா என்று பார்க்க வேண்டும். இரவு வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்து வைத்தால் காலையில் தெரிந்துவிடும். ஏ.சி. தண்ணீரை பார்த்து பயப்பட வேண்டாம். அதற்கு நிறம், மணம் இருக்காது. கூலண்ட் பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது ஒரு நிறத்தில், விரலில் வழவழப்பாக, லேசான இனிப்பு வாடையுடன் இருக்கும். ஹீட்டர் உள்ள கார்களில் முன்சீட்டின் கால் மிதியடி ஈரமாக இருக்கிறதா என்றும் பார்க்கலாம். உள்ளே இருக்கும் ஹீட்டர் குழாய் கசிந்தால் அங்கேதான் நனையும்.

வெளியே எங்கும் கசிவு இல்லை, ஆனால் தினமும் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதாவது தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே போகிறது.

இதற்கு சில அடையாளங்கள் உண்டு. என்ஜின் நன்றாக சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப்புகை நிற்காமல் இனிப்பு வாடையுடன் வரும். காலையில் ஸ்டார்ட் செய்த உடனேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிடும். ரேடியேட்டருக்குள் குமிழ் குமிழாக காற்று வந்துகொண்டே இருக்கும். ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறிவிடும்.

மழைக்காலத்தில் கொஞ்ச தூரமே ஓடும் வண்டிகளில் ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் லேசாக நுரை படிவதுண்டு. அதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது. ஆயில் அளக்கும் கம்பியிலும் பால் டீ நிறம் இருந்தால்தான் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

'ஹெட்டை இறக்கிடலாம்' என்று மெக்கானிக் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டியதில்லை. அதற்கு முன் 2 சோதனைகள் உண்டு. ஒன்று, கைப்பம்ப் மூலம் ரேடியேட்டரில் காற்றழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, நீல நிற திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுப்பது. எரிந்த புகை தண்ணீரில் கலந்திருந்தால் திரவம் மஞ்சளாக மாறும். இரண்டையும் செய்யச் சொல்லி கேட்பது வண்டிக்காரரின் உரிமை.

முள்ளும் சில நேரம் பொய் சொல்லும்

இப்போது வரும் பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது. நீல விளக்கு எரிந்தால் என்ஜின் இன்னும் சூடாகவில்லை, சிவப்பு எரிந்தால் அளவுக்கு மீறி சூடாகிவிட்டது, அவ்வளவுதான். அதனால் சிவப்பு வந்துவிட்டால் 'அடுத்த பங்க் வரை போய்விடலாம்' என்று நினைக்கவே கூடாது.

சென்சார் கெட்டுப்போய் சும்மாவே சூடு காட்டுவதும் உண்டு. இதன் எதிர்ப்பக்கம்தான் ஆபத்து. ஹோஸ் வெடித்து தண்ணீர் மொத்தமும் கொட்டிவிட்டால், சென்சார் நனைய தண்ணீரே இருக்காது. முள் ஏறாமல் அப்படியே நிற்கும், சில நேரம் இறங்கிக்கூட காட்டும். உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்கும். திடீரென்று இழுவை குறைந்து, கருகிய வாடை வந்து, என்ஜினில் கடகட சத்தம் கேட்டால் முள்ளை நம்பாமல் உடனே நிறுத்த வேண்டும்.

மூடியை மறக்க வேண்டாம்

எந்த வகை சூடாக இருந்தாலும் ரேடியேட்டர் மூடியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறிவிடும். காலையில் ஆறிய வண்டியின் மேல் ஹோஸ் சப்பிப்போய் இருந்தால், ஆறும்போது தண்ணீரை திரும்ப இழுக்கும் மூடியின் வால்வு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புது மூடி வாங்கும்போது பழையதில் இருந்த அதே எண் உள்ளதைத்தான் போட வேண்டும். எண்ணை கூட்டிப்போட்டால் பழைய ஹோசும் ரேடியேட்டரும் வெடிக்கும்.

குறுக்கு வழி, கூடுதல் செலவு

'நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?' என்று அதை கழற்றி வீசும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இது தவறு. அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பக்கவாட்டு பாதையை அடைக்கும் வேலையையும் அதுவே செய்கிறது. அதில் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்கு போகாமல் குறுக்கே சுற்றி, வண்டி முன்பைவிட சூடாகும்.

பேனை நேரடியாக ஒயர் கொடுத்து எப்போதும் சுற்ற விடுவதும் அவசரத்துக்கு வீடு வந்து சேர மட்டுமே. அதையே நிரந்தரமாக்கினால் மோட்டார் சீக்கிரம் போகும். உண்மையான கோளாறும் மறைந்தே இருக்கும்.

கூலண்டுக்கு பதில் குழாய் தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான். கூலண்ட் என்பது தண்ணீரை குளிர வைக்கும் மருந்து மட்டும் அல்ல. துருவையும் உப்பு படிவதையும் தடுப்பது அதுதான். அதில் டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்க வேண்டும். எவ்வளவு கலப்பது, எத்தனை வருடத்தில் மாற்றுவது என்று வண்டியுடன் வரும் புத்தகத்தில் இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து வேறு வகையை கலந்தால் கட்டி தட்டிவிடும். பல கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைகால் விஷம், ஆனால் இனிக்கும். எனவே குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலோ, நாய் நக்கும்படியோ வைக்கக்கூடாது.

ரோட்டில் சூடானால் என்ன செய்வது?

முள் ஏறத் தொடங்கியதுமே ஏ.சி.யை நிறுத்த வேண்டும். ஹீட்டர் உள்ள கார் என்றால் அதை முழுதாக திருப்பி புளோயரை வேகமாக வைக்கலாம். மே மாத வெயிலில் இது தண்டனை போலத்தான் இருக்கும். ஆனால் என்ஜின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே இழுத்துவிடும். ஓரம் கட்டும் வரை தாக்குப்பிடிக்க உதவும்.

சிவப்பு விளக்கு எரிந்தாலோ, ஆவி வந்தாலோ பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும். 4 இண்டிகேட்டரையும் எரியவிட்டு, உள்ளே இருப்பவர்களை ரோட்டை விட்டு தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். ஆவி அடங்கிய பிறகு பானட்டை திறக்கலாம்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே கூடாது. உள்ளே 110 டிகிரியில் இருக்கும் தண்ணீர் அழுத்தத்தால்தான் கொதிக்காமல் அடங்கி இருக்கிறது. மூடியை திறந்த நொடியில் அழுத்தம் போய் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். வெயிட் அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா? இதுவும் அப்படித்தான்.

குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் 1 மணி நேரம் ஆறவிட வேண்டும். மேல் ஹோசை தொட்டால் சூடு அடங்கி, அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். அதன் பிறகு தடித்த துணியை போட்டு, முகத்தை தள்ளி வைத்து, மூடியை கொஞ்சமாக திருகி காற்றை விட்டு, பிறகு முழுதாக திறக்கலாம்.

கொதிக்கும் என்ஜினில் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விட வாய்ப்பு உண்டு. அடுப்பில் காய்ந்த கண்ணாடி பாத்திரத்தில் தண்ணீர் தெளித்த கதைதான். ஆறிய பிறகு சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் குடிக்கும் தண்ணீரை ஊற்றி பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக போகலாம். பிறகு அதை வடித்துவிட்டு முறையாக கூலண்ட் நிரப்ப வேண்டும். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் கீழே கொட்டினால் ஓட்டவே கூடாது.

சூட்டோடு இன்னும் 5 கி.மீ. ஓட்டினால் என்ன ஆகும்? அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கட் போகும். அதற்கும் மேல் ஓட்டினால் ஆயில் தன் வழவழப்பை இழந்து, பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்டு என்ஜின் சீஸ் ஆகிவிடும். இழுவை வண்டிக்கு கொடுக்கும் காசு, அந்த செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

காலையில் 2 நிமிடம்

சென்னையில் 2003-ம் ஆண்டு மே 31-ந்தேதி 45 டிகிரி செல்சியஸ், அதாவது 113 டிகிரி பாரன்ஹீட் வெயில் அடித்தது. அப்படிப்பட்ட வெயிலில்கூட கோளாறு இல்லாத கார் கொதித்து நிற்காது. வெயில் சேரும்போது, ஏற்கனவே உள்ளே இருந்த பழுது வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

அதனால் காலையில் வண்டி ஆறி இருக்கும்போதே கூலண்ட் பாட்டிலில் தண்ணீர் குறைந்தபட்ச, அதிகபட்ச கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் சொட்டு இருக்கிறதா, ஹோஸ் பைப்பில் வெடிப்பு இருக்கிறதா, கிளாம்ப் ஓரம் வெள்ளைக்கறை படிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை விட வேண்டும். மாதம் ஒருமுறை ஏ.சி. போட்டு பேன் சுற்றுகிறதா என்று சோதிக்கலாம்.

ஒர்க்‌ஷாப்புக்கு போனால் 'வண்டி ஹீட் ஆகுது' என்று மட்டும் சொல்லி சாவியை கொடுக்க வேண்டாம். சிக்னலில் சூடாகிறதா, ஹைவேயில் சூடாகிறதா, கிளம்பிய உடனேயா, தினமும் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டி இருக்கிறது, கடைசியாக என்ன வேலை பார்த்தது என்று விவரமாக சொல்ல வேண்டும். அப்போதுதான் 200 ரூபாய் பியூஸ் வேலைக்கு ரேடியேட்டரையும் பம்பையும் மாற்றி ஏமாறாமல் வண்டி வெளியே வரும்.